கவனக்குறைவு அல்ல

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் நல்லது. எனக்காகச் சொல்லவில்லை, உங்கள் காகிதங்கள் பறக்கின்றன. கனமான கண்ணாடிக் குண்டை நடுவில் வைத்திருக்கிறீர்கள். மூலையில் வைத்தால் படபடப்பு நிற்கும். இந்த மாதிரிச் சின்ன விஷயம் எதுவும் என் கண்ணில் படாமல் போகாது. பழக்கம் என்று சொல்லலாம், பிழைப்பும் அதுதான்.

முதியோர் மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்த தையல்காரம்மா இறந்துபோனதைப் பற்றி நீங்கள் தயாரித்த விசாரணை அறிக்கையைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள், குறை சொல்ல மாட்டேன். ஒரே ஒரு சொல்தான் இடிக்கிறது. 'மென்பொருளைச் சரிபார்த்தவரின் கவனக்குறைவும் ஒரு காரணம்' என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. சரிபார்த்தவன் நான். எனக்குக் கவனக்குறைவு கிடையாது. அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லத்தான் பஸ் பிடித்து வந்தேன். நீங்கள் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் என்னைச் 'சல்லடை' என்பார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் காதில் விழுகிற தூரத்தில் சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை, சொல்லப்போனால் பெருமைதான். யார் என்ன நிரல் எழுதினாலும் என் மேசையைத் தாண்டித்தான் வெளியே போகும். திரையில் விரலை வைத்து வரிவரியாகப் படிப்பேன். திரையெல்லாம் விரல் ரேகை என்று துடைக்கிறவர் அலுத்துக்கொள்வார். என் மனைவிக்குப் பேச்சு இருந்த காலத்தில், கல்யாணப் பத்திரிகை வந்தால்கூடப் பிழை திருத்தித் திருப்பி அனுப்பிவிடுவேனோ என்று பயந்து ஒளித்துவைப்பாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

அப்புறம் வேகம் வந்தார். அவர் பெயர் அதுவல்ல. வேலைக்குச் சேர்ந்த சில நாளிலேயே எல்லோரும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். என்னைவிட வயதில் சின்னவர், பதவியில் பெரியவர். நல்ல மனிதர் என்றுதான் சொல்லவேண்டும். காபி எடுக்கப் போனால் எனக்கும் ஒன்று எடுத்து வருவார். 'அண்ணா' என்பார். எனக்கு அந்த 'அண்ணா' பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் வெறுப்பில் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது.

நிரலைச் சரிபார்க்க ஒரு கருவி வாங்கலாம் என்று யோசனை சொன்னவர் அவர்தான். மனிதர் படித்தால் ஒரு நாள் ஆகும், கருவி படித்தால் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதற்குள் முடிந்துவிடும் என்றார். சரியாக இருந்தால் பச்சை, தப்பாக இருந்தால் சிவப்பு. முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"உங்க கண்ணுக்கும் ஓய்வு வேணாமா? இந்த மருத்துவமனை வேலை முடிஞ்சதும் நீங்க போன் பக்கம் வந்துடுங்க. வாடிக்கையாளருங்க கூப்பிட்டா நீங்க பேசுங்க. உங்க குரல் நிதானமா இருக்கு."

குரல் நிதானமாக இருக்கிறது என்று ஒருவரைப் பாராட்டி அனுப்பிவிட முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நன்றி சொல்லிவிட்டு வந்து என் மேசையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு விரல் திரையில் ஓடவில்லை. அவமானமாக இருந்தது. இதை மறைப்பதில் ஒன்றும் இல்லை.

இனி அந்த நிரலுக்கு வருகிறேன். உங்களுக்கு ஜாவா என்கிற நிரல்மொழி தெரியாது என்று அறிக்கையைப் படித்தபோதே புரிந்தது, அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். மருத்துவமனையில் ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் செய்தி வரும். தண்ணீர் வேண்டும் என்று ஒரு பொத்தான். சொட்டு மருந்து தீர்ந்தால் ஒரு செய்தி. கட்டிலிலிருந்து யாராவது விழுந்தால் ஒன்று. விரலில் மாட்டிய கிளிப் வழியாக, மூச்சு குறைந்தால் ஒன்று. கடைசியாக ஒத்திகை: எங்கள் ஆட்கள் வயரைச் சோதிக்கும்போது வீணாக மணி அடித்து எல்லோரையும் கலவரப்படுத்தக் கூடாது என்பதற்காக, மணியை அணைத்து, நர்ஸுகளுக்குப் போன அழைப்பை ரத்து செய்து, திரையில் மட்டும் 'ஒத்திகை' என்று காட்டுகிற பகுதி.

எந்தச் செய்தி வந்தால் என்ன செய்யவேண்டும் என்று பிரித்து அனுப்புகிற இடத்துக்குப் பெயர் ஸ்விட்ச். அதில் ஒரு விசித்திரம் உண்டு. தன் பகுதியைக் கண்டுபிடித்து உள்ளே போகிற நிரல், அந்தப் பகுதி முடிந்ததும் தானாக நிற்காது. முடிவில் 'பிரேக்' என்று ஒரு சொல் இருந்தால்தான் வெளியே வரும். இல்லாவிட்டால் அடுத்த பகுதிக்குள் வழுக்கிக்கொண்டு போய் அதையும் செய்துவிடும். கேள்வி கேட்காது, முனகாது. இலக்கணப்படி அது தப்பும் இல்லை. பல இடங்களில் வேண்டுமென்றே அப்படி வழுக்கவிட்டு எழுதுவோம். எங்கள் பழைய நிரல்கள் முழுக்க அப்படித்தான், அதனால் அதைப் பற்றி எச்சரிக்க வேண்டாம் என்று கருவியிடம் சொல்லி வைத்திருந்தார்கள். வாயைத் திறந்தால் நாள் முழுக்கப் புலம்பும் என்று.

ஜாவாவின் புதிய பதிப்புகளில் அம்புக்குறி போட்டு எழுதலாம். அம்பு போட்டால் வழுக்கல் கிடையாது, பிரேக்கும் தேவையில்லை. வேகம் புது முறைக்காரர். எல்லாவற்றையும் அம்பு போட்டு அழகாக எழுதியிருந்தார். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மருத்துவமனையில் இருந்த கணினி ஓய்வு பெறவேண்டிய வயதில் இருந்தது. அம்பைக் கண்டால் அதற்குப் புரியவில்லை. மறுநாள் தொடக்க நாள், நிர்வாகி ஆட்களை எல்லாம் அழைத்துவிட்டார். வேகம் காதில் போனை வைத்து நிர்வாகியைச் சமாதானப்படுத்திக்கொண்டே ஒவ்வொரு அம்பாக எடுத்துவிட்டு, இரண்டு புள்ளி வைக்கிற பழைய முறைக்கு மாற்றினார். ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் பிரேக் போட்டார். மூச்சுப் பகுதியைத் தவிர.

ஏன் விட்டார் என்றால், அங்கே ஏற்கெனவே ஒரு பிரேக் இருந்தது. மூச்சுப் பகுதிக்குள் ஒரு சுற்று ஓடும்: பணியில் இருக்கிற நர்ஸுகளை ஒவ்வொருவராகப் பார், கை ஓய்வாக இருப்பவர் கிடைத்ததும் அவருக்கு அழைப்பு அனுப்பு, தேடுவதை நிறுத்து. அந்த நிறுத்தலுக்கும் பிரேக் என்றுதான் எழுதவேண்டும். ஆனால் அந்தப் பிரேக் சுற்றுக்குச் சொந்தம், ஸ்விட்சுக்குச் சொந்தமில்லை. சுற்றைவிட்டுத்தான் வெளியே கொண்டுவரும். அவசரக் கண்ணுக்குப் 'பிரேக் இருக்கிறதே' என்று தோன்றும். ஆகவே மூச்சு குறைந்தால் மணி எழும், நர்ஸுக்கு அழைப்பு போகும், உடனே நிரல் வழுக்கி அடுத்த பகுதியான ஒத்திகைக்குள் விழும், மணி அணையும், அழைப்பு ரத்தாகும். எல்லாம் கண் இமைக்கிற நேரத்துக்குள்.

வேகம் என் மேசைக்கு வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"அண்ணா, எல்லாத்தையும் பழைய முறைக்கு மாத்திட்டேன். ஒரு பார்வை பாத்துட்டு அனுப்பிடுங்க."

"கருவி என்ன சொல்லுது?"

"பச்சை காட்டிடுச்சு."

"அப்ப நான் எதுக்கு?"

"உங்க மேசைய தாண்டாம அனுப்பினா நல்லாவா இருக்கும்? ஒரு மரியாதைக்குத்தான் அண்ணா."

மரியாதைக்கு. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், இப்போது யோசித்தாலும் அப்படித்தான் தெரிகிறது. காபி குவளையை வைத்துவிட்டுப் போனார். நான் விரலை வைத்துப் படித்தேன். தண்ணீர், சொட்டு மருந்து, விழுதல், மூச்சு. மூச்சில் விரல் நின்றது. பிரேக் யாருக்குச் சொந்தம் என்று பார்த்தேன். கீழே ஒத்திகையைப் பார்த்தேன். காபி ஆறுவதற்குள் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

இதைத்தான் சொல்ல வந்தேன். நான் பார்த்தேன். நீங்கள் எழுதியிருப்பதுபோல விட்டுவிடவில்லை.

ஒரு சொல் சேர்த்தால் சரியாகிவிடும். அல்லது அவரைக் கூப்பிட்டுக் காட்டலாம். காட்டினால் என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும். "ஐயோ, நல்லவேளை அண்ணா" என்பார், திருத்துவார், மறந்துவிடுவார். நான் போன் எடுக்கப் போய்விடுவேன். கருவி எதை விடும், என் கண் எதை விடாது என்பது ஒருவருக்கும் தெரியாமலே போகும். ஆகவே 'சரி' என்கிற பொத்தானை அழுத்தினேன். காபியைக் குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

யாருக்கும் ஆபத்து வரும் என்று நான் நினைக்கவில்லை. இதைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். என் கணக்கு வேறு. நர்ஸ் பக்கத்தில் நிற்கும்போது எப்போதாவது யாருக்காவது மூச்சு குறையும். நர்ஸ் பார்த்துவிடுவார். 'மணி அடிக்கலையே' என்று புகார் வரும். முதலாளி எல்லோரையும் கூட்டுவார். நான் எழுந்து அந்த வரியைத் திறந்து, விரலை வைத்துக் காட்டுவேன். என்ன பேசவேண்டும் என்றுகூட மனதுக்குள் எழுதிவைத்திருந்தேன். வேகத்தைக் குறை சொல்லாமல் பேசுவதாகத்தான் எழுதியிருந்தேன்.

தொடக்க நாளில் நானும் போயிருந்தேன். தையல்காரம்மா இருந்த அறையில்தான் செய்து காட்டினார்கள். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்ததால் ஆட்கள் நிற்க வசதி. நிர்வாகி பருத்த உடம்புக்காரர். விழுதலைச் சோதிக்கிறேன் என்று காலிக் கட்டிலில் ஏறிப் படுத்துத் தொப்பென்று தரையில் உருண்டார். மணி அலறியது. எல்லோரும் கைதட்டினார்கள். சொட்டு மருந்தைச் சோதித்தார்கள், தண்ணீர்ப் பொத்தானைச் சோதித்தார்கள். மூச்சை மட்டும் சோதிக்க வழியில்லை. கிளிப்பைக் கழற்றினால் 'கிளிப் கழன்றுவிட்டது' என்று வேறு செய்தி வரும்.

"மூச்ச நிறுத்திக் காட்டணுமா? நான் வேணா முயற்சி பண்ணிப் பாக்கட்டுமா?" என்றார் தையல்காரம்மா.

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் பேச்சு அப்படித்தான். விரலில் இருந்த கிளிப்பைக் காட்டி, "இந்த வயசுல எனக்கு மோதிரம் போட்டு விட்டது இந்த ஆஸ்பத்திரிதான்" என்பார். நுரையீரல் பலவீனம் அவருக்கு. என் மனைவி அந்தக் காலிக் கட்டிலில் இருந்தவரைக்கும், தினமும் அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டவர் அவர்தான். என் மனைவிக்குப் பாரிசவாயு வந்து பேச்சு நின்றுவிட்டது, கண்ணால்தான் பேசுவாள். அந்தக் கண் பேச்சு என்னைவிட அவருக்கு நன்றாகப் புரிந்தது. "உன் வீட்டுக்காரர் வந்துட்டாரு பாரு, முறைச்சுக்கிட்டே" என்று அவளுக்குச் சொல்லுவார். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. அவர் சாகவேண்டும் என்று எனக்கு என்ன முடை.

பிறகு நான் போன் பக்கம் போனேன். மருத்துவமனையிலிருந்து அழைப்புகள் எனக்குத்தான் வரும். ஒவ்வொரு முறை அந்த எண்ணைப் பார்க்கும்போதும் இன்றைக்கு அந்தப் புகார்தான் என்று நிமிர்ந்து உட்காருவேன். எழுத்து சின்னதாக இருக்கிறது என்பார்கள். தண்ணீர் மணியின் சத்தம் காதைப் பிளக்கிறது என்பார்கள். நான் நிதானமான குரலில் பதில் சொல்லி, குறைத்துக் கொடுத்தேன்.

அன்றைக்கு மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கண் அசருகிற நேரம். மருத்துவமனையிலிருந்து போன். ஒரு நர்ஸ் பேசினார்.

"சார், மூலை ரூமுல ஒத்திகைன்னு திரையில காட்டுது. நீங்க ஏதாவது சோதனை பண்றீங்களா? என் போன் வேற ஒரு தடவை லேசா அதிர்ந்துச்சு. எடுத்துப் பாத்தா ஒண்ணுமில்ல."

இந்த அழைப்பைப் பற்றி உங்கள் அறிக்கையில் இல்லை. அந்த நர்ஸுக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றியிருக்காது. மூலை அறை யாருடைய அறை என்று எனக்குத் தெரியும். ஒத்திகை எதுவும் நடக்கவில்லை என்றும் தெரியும். 'ஓடுங்கள்' என்று சொல்லியிருக்கலாம்.

"பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

"சரி சார்" என்று வைத்துவிட்டார். எங்கள் ஆட்களின் சோதனைதான் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. உடனே நிரலைத் திறந்து அந்த வரியை இன்னொரு முறை படித்தேன். நான் பார்த்ததில் பிழை இல்லை. திரையை அப்படியே விட்டுவிட்டு முதலாளியின் அறைக்குப் போனேன். அவர் வந்து பார்த்தால்தானே பேச்சுக்கு மதிப்பு. அவர் யாரோ விருந்தினரோடு பேசிக்கொண்டிருந்தார். இடையில் நுழைவது நாகரிகம் இல்லை என்று வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன். அவர்கள் பேசி முடித்து, விருந்தினரை வாசல்வரைக்கும் கொண்டுபோய் விட்டு, முதலாளி திரும்பி வந்து "என்ன, உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டபோது அவர் மேசையில் போன் அடித்தது. மாலைக் காபி கொண்டுபோன பெண் பார்த்திருக்கிறாள். உடம்பு அப்போதே ஆறிப்போயிருந்ததாம்.

வாயில் இருந்த பேச்சு வாயிலேயே நின்றுவிட்டது. அதை அந்த நேரத்தில் பேசினால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று தோன்றியது.

அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியும். வேகம் தானே வந்து பழியை ஏற்றுக்கொண்டார். அந்த வரியைக் காட்டியதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஜெயிலா இல்லையா என்பது உங்கள் கையில் இருக்கிறது என்கிறார்கள். அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அவர் சாப்பிடறதே இல்லண்ணா. சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்காரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க கண்ணுக்கே தப்பிப்போன தப்பு, அவர் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

அழுதுகொண்டே சொன்னாள். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் 'உங்க கண்ணுக்கே தப்பிப்போன தப்பு' என்றாளே, அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. அவள் அப்படி நினைக்கிறாள். அலுவலகத்தில் அப்படித்தான் நினைக்கிறார்கள். நீங்கள் அச்சடித்தே விட்டீர்கள். ஆகவே வேகத்தின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. அதோடு 'கவனக்குறைவு' என்பதையும் எடுத்துவிட்டு, 'பிழையைக் கண்டறிந்திருந்தார்' என்று போட்டுவிடுங்கள். அந்த இடத்தில் கையெழுத்து வைக்கிறேன். மற்றபடி யாரையும் காயப்படுத்தும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை என்பதை முன்பே சொல்லிவிட்டேன்.

என்ன கேட்டீர்கள்? அந்தக் கட்டில் எப்போது காலியானது என்றா?

நான் 'சரி' போட்ட அன்று மாலைதான். ஆமாம், தொடக்க நாளுக்கு முந்தின மாலை. அலுவலகத்திலிருந்து நேராக மருத்துவமனைக்குப் போய், கையெழுத்துப் போட்டு மனைவியை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். ரொம்ப நாளாக நினைத்திருந்ததுதான். அன்றைக்குத்தான் வண்டி கிடைத்தது. ஊழியர்கள் அவளைத் தூக்கித் தள்ளுநாற்காலியில் உட்காரவைத்தார்கள். தையல்காரம்மா எழுந்து உட்கார்ந்து, பாதி பின்னிய ஜடையை முடித்துவிட்டார்.

"என்ன தம்பி, திடீர்னு?"

"வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கிப்போயிட்டா. அதான்."

அவர் என் மனைவியின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டே, "அப்ப என்னையும் கூட்டிட்டுப் போயேன். நானும் சாப்பிடறேன்" என்றார். எதற்கு அவ்வளவு சிரிப்பு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. தள்ளுநாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். வாசல்வரைக்கும் என் மனைவி கழுத்தை ஒடித்துத் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

காரணம் என்ன என்று நீங்கள் கேட்டால் எனக்கும் அதே பதில்தான். வீட்டுச் சாப்பாடு. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு நோய் வந்த நாளிலிருந்து மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் ஆகாரம் இறங்குகிறது.